நாற்பது சென்ட் தோட்டமும் அங்கே முன்பே குடியிருப்பவர்களும்

கேள்வி: நானும் கணவரும் ஓய்வு பெற்றவர்கள். குரோம்பேட்டையில் வீடு. இரண்டு வருடத்துக்கு முன் மதுராந்தகம் பக்கம் நாற்பது சென்ட் நிலம் வாங்கி, சின்னதாக ஓட்டு வீடு ஒன்றும் கட்டினோம். மாதத்தில் பாதி நாள் அங்கேதான் இருக்கிறோம். தக்காளியை மயில் கொத்திவிடுகிறது. சர்க்கரைவள்ளியை ஒரே ராத்திரியில் பன்றி கிளறிப்போட்டது. போன மாதம் மோட்டார் ரூம் வாசலில் முழு நீளப் பாம்புச்சட்டை ஒன்று கிடந்தது. பக்கத்து நிலத்துக்காரர், "குருணைப் பூச்சிமருந்தை அரிசியில் கலந்து வையுங்கள், மோட்டார் லைனிலிருந்து வேலிக்குக் கரண்ட் கொடுங்கள்" என்கிறார். மகன் நிலத்தை விற்றுவிடச் சொல்கிறான். ஐந்து வயதுப் பேத்தி லீவுக்கு வரப்போகிறாள். மனசு கலங்கிப்போயிருக்கிறேன். என்ன செய்யலாம்?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம். குருணை, கரண்ட் இரண்டுக்கும் மட்டும் இன்றே "வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

குருணை கலந்த அரிசியை மயில் மட்டும்தான் தின்னும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கௌதாரி தின்னும், காக்கை தின்னும், பக்கத்து வீட்டுக் கோழி தின்னும். செத்ததை நாய் இழுத்துக்கொண்டு போனால் நாயும் சாகும். உங்கள் பேத்தி உட்கார்ந்து விளையாடப்போகிற மண் அது. சட்டமும் இதில் கடுமையானது. மயில் 1963 முதல் நம் தேசியப் பறவை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 7 வருடம் சிறை.

மோட்டார் லைனிலிருந்து வேலிக்கு இழுத்த கம்பி இன்னும் மோசம். பன்றிக்கு வைத்த கம்பியில், விடியற்காலையில் மடை திறக்கப் போன ஆள் சிக்கி இறந்த செய்தி வருடா வருடம் பேப்பரில் வருகிறது. சோலார் வேலி வேறு மாதிரி. அதில் மின்சாரம் விட்டு விட்டு, கண நேரத் துடிப்பாக வரும். உதறித் தள்ளும், உயிரை எடுக்காது. ஆனால் அதற்கும் தமிழகத்தில் தனி விதிகள் உண்டு. வனச்சரக அலுவலகத்தில் கேட்காமல் போடக் கூடாது. நாற்பது சென்ட்டுக்கு அது தேவையே இல்லை என்பது என் எண்ணம். பன்றியைச் சுட அரசு அனுமதி கொடுத்துவிட்டது என்று யாராவது சொல்லியிருந்தால், அது பாதிதான் உண்மை. 2025-ல் வந்த ஆணைப்படி காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறை ஆட்கள் சுடலாம். நாம் தொடக் கூடாது.

சரி, அப்புறம் என்னதான் செய்வது?

திருப்போரூர் பக்கம் பன்னிரண்டு வருடமாகத் தோட்டம் வைத்திருக்கிறேன். முதல் வருடம் நானும் இப்படித்தான் தவித்தேன். அறுபது சென்ட்டையும் சுற்றி, மீன்வலை மாதிரி மெல்லிய நைலான் வலையைக் கட்டினேன். நாலாம் நாள் காலையில் வலையின் அடியில் ஒரு சாரைப்பாம்பு சிக்கிக் கிடந்தது. ஆறடி இருக்கும். முன்னால் போகப் பார்த்து, முடியாமல் பின்னால் இழுத்து, நூல் செதிலுக்குள் இறங்கி, மூன்று இடத்தில் உடம்பு கயிறு போட்டு இறுக்கியது போலக் குறுகியிருந்தது. ஊரிலிருந்த, பாம்பு பிடிக்கத் தெரிந்த இருளர் பழங்குடிப் பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்தேன். தோளில் கிடந்த துண்டை நனைத்து அதன் தலைமேல் போட்டார். கண் மறைந்ததும் பாம்பு அடங்கியது. என் தையல் கத்தரியை வாங்கி, நூலுக்கும் தோலுக்கும் நடுவே சுண்டுவிரல் நகத்தைக் கொடுத்து, ஒவ்வொரு கண்ணியாக நறுக்கினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. விட்டதும் அது ஓடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்து, மெல்ல வரப்போரம் போயிற்று. "இதாம்மா உன் கொல்லையில எலி புடிக்குது. இத்தக் கட்டிப்போட்டா எலிய யாரு புடிப்பா?" என்று கேட்டார். அன்றைக்கே வலை முழுவதையும் சுருட்டி எடுத்தேன்.

அதற்குப் பிறகு நான் மொத்த நிலத்தையும் காக்கப் பார்ப்பதில்லை. உங்களுக்கும் அதைத்தான் சொல்லுவேன். வீட்டை ஒட்டி நாற்பது அடிக்கு நாற்பது அடி, அதாவது நாலு சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவான இடத்தை மட்டும் நன்றாக அடையுங்கள். இரண்டு பேருக்கு வேண்டிய காய்கறி அதிலேயே வந்து மீறும். மீதி முப்பத்தாறு சென்ட்டில், பன்றி அவ்வளவாக விரும்பாததை வையுங்கள்.

அடைப்பு எப்படி என்றால், சுற்றிலும் ஐந்தடி உயரத்துக்குக் கம்பிவலை. பன்றி தாண்டிக் குதிப்பதை விட மூக்கால் அடியில் நெம்புவதுதான் அதிகம். அதனால் கம்பிவலையின் அடி ஒரு அடியாவது மண்ணுக்குள் போகட்டும், இல்லாவிட்டால் ஓரமாகக் கருங்கல் வரிசை கொடுங்கள். மயில் மேலிருந்து இறங்கும். பாதி இடத்துக்குப் பந்தல் போட்டு பாகல், புடலை, அவரை ஏற்றிவிட்டால் பந்தலே கூரையாகிவிடும். வெயில் வேண்டிய தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு மேலே மட்டும் வலையைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். வலை எங்கேயும் தரையைத் தொடக் கூடாது. கீழே சரிந்து கிடக்கும் வலைதான் பாம்புக்குச் சுருக்கு.

வெளியே நிலக்கடலை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி மூன்றையும் மறந்துவிடுங்கள். பன்றிக்கு அவை விருந்து. எலுமிச்சை, முருங்கை, கறிவேப்பிலை, மஞ்சள், எள் வையுங்கள். மஞ்சள் மேட்டை மண்புழுவுக்காகக் கிளறுவது உண்டு, ஆனால் கிழங்கைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஓரங்களில் நொச்சியும் ஆடாதோடையும் நடுங்கள். ஆடுகூடத் தொடாத இலை என்று பேரிலேயே இருக்கிறது. எல்லைக்கு, நம் ஊர்ப்பக்கம் தாத்தா காலத்திலிருந்து இருக்கிற கிளுவை வேலிக்கு மேல் எதுவும் இல்லை. ஐப்பசி மழையில் கிளையைப் போத்தாக வெட்டி நெருக்கமாக ஊன்றினால் போதும். அடர்ந்து வர இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுவரை பழைய புடவைகளை வரிசையாகக் கட்டிவைக்கலாம். பல ஊர் விவசாயிகள் இதைச் செய்கிறார்கள். காற்றில் ஆடுவதும் மனித வாடையும் பன்றியைத் தயங்க வைக்கும். கொஞ்ச நாளில் பழகிவிடும் என்பதால் இடத்தை மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும்.

கோடையில் சொட்டுநீர்க் குழாயைக் கடித்து வைத்தால் கோபப்படாதீர்கள். அணிலுக்கும் முயலுக்கும் அது தாகம். காய்கறி அடைப்புக்கு எதிர்மூலையில் ஒரு சிமென்ட் தொட்டியில் தண்ணீர் வையுங்கள். உள்ளே ஒரு கல் சாய்ந்து கிடக்கட்டும், விழுந்த குட்டி ஏறி வரும். கீரி, உடும்பு, மரநாய் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கோழி வளர்க்காதவரை அவற்றால் தொந்தரவு இல்லை.

இப்போது பாம்புச்சட்டை. எனக்குத் தெரிந்து, தோட்டம் வாங்கிய நகரத்துக்காரர்கள் நிலத்தை விற்பது மயிலாலோ பன்றியாலோ இல்லை, இந்த ஒரு பயத்தால்தான். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், கழற்றிப்போட்ட சட்டை இழுபட்டு, பாம்பை விட நீளமாகத்தான் இருக்கும். நீங்கள் நினைக்கிற அளவு பெரிய பாம்பாக இருக்க வேண்டியதில்லை. சட்டையை வைத்து அது எது என்று நீங்களாக முடிவு கட்டவும் வேண்டாம். அது ஏன் மோட்டார் ரூமுக்கு வந்தது என்று பாருங்கள். குழாய்க் கசிவில் எப்போதும் ஈரம், ஈரத்துக்குத் தவளை. மூலையில் சாக்கு, சாக்குக்குள் எலி. கசிவை அடைத்து, சாக்கை எடுத்து, கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளிக்கு ரப்பர் பட்டை அடித்தாலே பாதி வேலை முடிந்தது. விறகையும் தென்னை மட்டையையும் வீட்டுச் சுவரோடு சாய்க்காமல் தள்ளி, தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி அடுக்குங்கள். வீட்டைச் சுற்றி ஆறடிக்குப் புல்லும் சருகும் இல்லாமல் பெருக்கிவையுங்கள். எலிக்கு மருந்து வைக்காதீர்கள், அதைத் தின்ற எலியைத் தின்று கூகை சாகும். அதற்குப் பதில் டி வடிவில் இரண்டு குச்சி நட்டுப் பாருங்கள். ராத்திரி ஆந்தை வந்து உட்காரும்.

சிறியாநங்கை, ஆகாசகருடன் கிழங்கு, பூண்டுத் தண்ணீர், பினாயில் எல்லாம் யாராவது சொல்லுவார்கள். செடியாக வளர்க்க ஆசைப்பட்டால் வளருங்கள். பாம்பு வராது என்று நம்பிக் கதவைத் திறந்து வைத்துத் தூங்காதீர்கள்.

உயிருக்கு ஆபத்தானவை நம் பக்கம் முக்கியமாக நான்கு: நல்லபாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன். விரியன் சருகிலும் கல்லிடுக்கிலும் அசையாமல் கிடக்கும், அதனால்தான் மிதிபடுகிறது. நல்லபாம்பு எலி வளையையும் புற்றையும் தேடும். இவற்றில் எனக்குப் பயம் கட்டுவிரியனிடம்தான். ராத்திரியில் நடமாடும், வீட்டுக்குள் வரும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த இடம் வலிக்காது, வீங்காது. எறும்பு கடித்தது என்று திரும்பிப் படுத்துவிடுவார்கள். ஆகவே அங்கே யாரும் தரையில் படுக்க வேண்டாம். கட்டிலில், கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிப் படுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வளைக்குள் தண்ணீர் ஏறினால் மேடு தேடிப் பாம்பு உங்கள் திண்ணைக்கும் வரும், அந்த இரண்டு மாதம் கூடுதல் கவனம்.

உள்ளே பார்த்துவிட்டால் அடிக்கவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். ஒருவர் தள்ளி நின்று அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ போன் செய்யட்டும். ஊரில் இருளர் குடும்பங்கள் இருந்தால் இப்போதே பழகிவையுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இந்த நான்கு பாம்பையும் பிடித்து, சில வாரம் வைத்திருந்து விஷம் எடுத்து, திரும்பவும் வெளியில் விட்டுவிடுகிறது. ஆஸ்பத்திரியில் போடும் விஷமுறிவு மருந்து அந்த விஷத்திலிருந்துதான் வருகிறது. நம் செங்கல்பட்டுப் பக்கத்து மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது இந்த அறிவுக்காகத்தான்.

கடிபட்டால்: கீறக் கூடாது, உறியக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட்டு, கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, நேராக அரசு மருத்துவமனைக்கு. பாம்பைத் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம், அந்த நான்குக்கும் ஒரே மருந்துதான். உங்கள் வீட்டிலிருந்து விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குப் போக எத்தனை நிமிடம் ஆகிறது என்று அடுத்த தடவை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பக்கத்து நிலத்துக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்மேல் வருத்தப்படாதீர்கள். உங்களுக்குத் தோட்டம் ஆசை, அவருக்கு அதுதான் சோறு. ஒரு ராத்திரி பன்றி இறங்கினால் அவருடைய மூன்று மாத உழைப்பு போகிறது. "தப்பு" என்று சொல்வதை விட, அவரோடு சேர்ந்து வனச்சரக அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொடுங்கள், எழுதுகிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருக்கும் பழைய புடவைகளில் பாதி அவர் வரப்புக்குப் போகட்டும். பேச்சு வந்தால் வேடந்தாங்கலைச் சொல்லுங்கள், உங்களுக்குப் பக்கம்தானே. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, 1798-லேயே கலெக்டரிடம் போய்ப் பாதுகாப்பு உத்தரவு வாங்கியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் நெல்லுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர் அது.

மகனிடம் ஒரு மழைக்காலம் கேட்டு வாங்குங்கள். நான் சொன்ன அடைப்பைப் போட்டு, மோட்டார் ரூமைச் சரிசெய்து, தை வரை இருந்து பாருங்கள். அதற்குப் பிறகும் தூக்கம் வரவில்லை என்றால் விற்பதில் தப்பே இல்லை.

பேத்தி வரட்டும். அவளுக்கென்று முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிவையுங்கள். பொந்துக்குள் கை விடக் கூடாது, கல்லைப் புரட்டக் கூடாது, மாலை ஆறு மணிக்கு மேல் லைட் இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது, இந்த மூன்றும் முதல் நாளே அவளுக்கு மனப்பாடம் ஆக வேண்டும். ராத்திரி பாத்ரூம் போகும்போது டார்ச்சை அவள் கையிலேயே கொடுத்து, முன்னால் தரையில் வெளிச்சம் அடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் அவள் பின்னால் நடங்கள்.