போர் மூண்டால் குடும்பத்தோடு கிளம்புவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கே: மகன் குவைத்தில் சூப்பர்வைசர். மருமகள், ஆறு வயதுப் பேத்தி, அங்கேயே பிறந்த ஐந்து மாதக் கைக்குழந்தை எல்லோரும் அவனோடு இருக்கிறார்கள். சண்டைச் செய்தி வந்தால் தூக்கம் போய்விடுகிறது. இப்போதே என்ன எடுத்து வைக்கச் சொல்வது?
– வாசகி, பாலக்கோடு

ப: அம்மா, முதலில் கைக்குழந்தையின் பாஸ்போர்ட் வந்துவிட்டதா என்று கேளுங்கள். பெரியவர்களுக்கு எல்லாம் இருக்கும். குழந்தைக்கு 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று விட்டிருப்பார்கள். 2004 டிசம்பர் 3 முதல் வெளிநாட்டில் பிறக்கும் நம் பிள்ளைகளின் பிறப்பை ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். பாஸ்போர்ட் இல்லாமல் சிக்கிக்கொண்டால் தூதரகம் அவசரச் சான்றிதழ் கொடுக்கும். அது இந்தியாவுக்கு வர மட்டும், ஒரு வழிக்குத்தான். அதற்கும் பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் பாஸ்போர்ட் நகல், போட்டோ கேட்பார்கள். எல்லாவற்றையும் செல்போனில் படமெடுத்து உங்களுக்கும் ஒரு செட் அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் பாலக்கோட்டில் பிரின்ட் போட்டு வையுங்கள். அங்கே போன் தொலைந்தால் இங்கிருந்து அனுப்பலாம்.

அடுத்து, மகனின் பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது? கம்பெனி வைத்திருந்தால் இப்போதே கேட்டு வாங்கட்டும். 1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது முதலாளியிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவைத்திருந்தவர்கள்தான் அதிகம் தவித்தார்கள். இன்னொன்று: தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் வெளிநாட்டவர் குவைத்தை விட்டு வெளியேற, 2025 ஜூலை 1 முதல் முதலாளியின் ஒப்புதலோடு வெளியேறும் அனுமதி எடுக்க வேண்டும். சும்மா இருக்கும் நாளிலேயே அதை எப்படி எடுப்பது என்று மகன் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். அவர் பின்தங்கி, மருமகள் மட்டும் பிள்ளைகளோடு கிளம்ப நேரலாம்; அதற்குத் தகப்பனின் சம்மதக் கடிதம் ஒன்றை இப்போதே கையெழுத்துப் போட்டு வைப்பது நல்லது.

அரசாங்கம் பிளேன் அனுப்பும் என்று மட்டும் நம்பி உட்காரக் கூடாது. 1990-இல் 59 நாளில் 488 விமானங்கள் பறந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்தன. ஆனால் அவை கிளம்பியது ஜோர்டானின் அம்மான் நகரிலிருந்து. குவைத் விமான நிலையம் மூடிக் கிடந்தது. பாஸ்ரா, பாக்தாத் வழியாக ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாத பாலைவனச் சாலையைக் குடும்பங்கள் பஸ்ஸிலும் காரிலும் தாங்களே கடந்தார்கள். ஈராக்–ஜோர்டான் எல்லை முகாம்களில் தண்ணீருக்கே பெரும்பாடு.

ஆகவே காரில் பெட்ரோல் பாதி டேங்குக்குக் கீழே இறங்க வேண்டாம். வெயிலில் பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைத்துக் காரில் அடுக்குங்கள். பை தோளில் மாட்டுவதாக இருக்கட்டும், ஆளுக்கு ஒன்று. சூட்கேஸ் பிடித்த கையால் குழந்தையைத் தூக்க முடியாது. பணம் அமெரிக்க டாலராக, 5, 10, 20 என்று சில்லறை நோட்டில், கிழியாததாக இருக்க வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் பிரித்து வைத்துக்கொள்ளட்டும். 1990-இல் குவைத் தினாரை ஈராக் தன் தினாருக்குச் சமம் என்று அறிவித்து, பிறகு செல்லாமலே ஆக்கியது. சேமிப்பை வீட்டில் தினாராக வைத்திருந்தவர்கள் கையில் அந்த நேரத்துக்குக் காகிதம்தான் மிஞ்சியது.

தாய்ப்பால் கொடுத்தால் எந்தக் காரணத்துக்கும் நிறுத்த வேண்டாம். வழியில் அதைவிடச் சுத்தமான ஆகாரம் கிடையாது. வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓ.ஆர்.எஸ். பத்துப் பாக்கெட் போதும். ஒரு லிட்டர் பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். கண்ணளவில் பாதியைக் கொட்டித் தம்ளரில் கலக்கினால் உப்பு கூடிக் குழந்தைக்கே ஆபத்து. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பேத்தியின் சட்டைப் பையில் அவள் பெயர், அப்பா பெயர், பாஸ்போர்ட் எண், உங்கள் ஊர்ப் போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்று, பிளாஸ்டிக் கவரில் போட்டு ஊக்குக் குத்தி இருக்கட்டும்.

கே: வெளிநாட்டில் மருத்துவம் படிக்கும் மகளை எந்தக் கட்டத்தில் 'வந்துவிடு' என்று கூப்பிடுவது? – வாசகர், ஊத்தங்கரை

ப: தூதரகத்தின் முதல் அறிவிப்பு வரும்போதே. உக்ரைனில் 2022 பிப்ரவரி 15-ஆம் தேதியே, இருந்தாக வேண்டிய அவசியம் இல்லாதவர்கள், முக்கியமாக மாணவர்கள், தற்காலிகமாகக் கிளம்பலாம் என்று நம் தூதரகம் சொன்னது. 24-ஆம் தேதி வான்வழி மூடியது. இடையில் ஒன்பது நாள். வகுப்பு போய்விடுமே என்று பலர் அதை விட்டார்கள். பிறகு போலந்து எல்லையான ஷெகினிக்கு உறைபனியில் நடந்தார்கள். அட்டென்டன்ஸை அப்புறம் சரிக்கட்டலாம். மீட்பு விமானம் பெரும்பாலும் டெல்லியிலோ மும்பையிலோதான் இறங்கும். எங்கே இறங்குகிறது என்று கேட்டுக்கொள்ளாமல் பெங்களூருவில் போய்க் காத்திருக்காதீர்கள். விமானம் இறங்கும் இடத்திலிருந்து ஊருக்கு வர, தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிடம் முன்பே பதிந்துவையுங்கள்.

கே: தாத்தா 1990-இல் குவைத்திலிருந்து வந்தவர். நஷ்டஈடு வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? – வாசகர், காவேரிப்பட்டினம்

ப: ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் அப்போது வெளியேறியவர்களுக்குத் தனி ஆளுக்கு 2,500 டாலர், குடும்பத்துக்கு 5,000 டாலர் என்று நிர்ணயித்தது. வேறு பிரிவில் கேட்பதில்லை என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு 4,000, 8,000. மனு வாங்குவது எப்போதோ முடிந்தது. கடைசித் தவணையை 2022 ஜனவரியில் ஈராக் கட்டியதோடு கணக்கே மூடப்பட்டது. அந்த ஆள் திரும்பவும் வந்தால் பேச்சுவார்த்தை வேண்டாம், காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுங்கள். தாத்தாவின் பழைய பாஸ்போர்ட்டையோ ஆதார் நகலையோ அவரிடம் ஏற்கெனவே கொடுத்திருந்தால் அதையும் புகாரில் குறிப்பிடுங்கள்.