‘விசுவாசத்தினாலேயே’: ஓர் ஏகாரத்தில் நிற்கும் வழக்கு

கேள்வி: நாங்கள் சி.எஸ்.ஐ. என் மகளுக்கு ஆர்.சி. குடும்பத்தில் வரன் அமைந்திருக்கிறது. எங்கள் ஜெபக்குழுவில் ஒருவர், “அவர்கள் கிரியை செய்தே மோட்சத்துக்குப் போகலாம் என்கிறவர்கள். விசுவாசத்தினால் இரட்சிப்பு என்பதை அவர்கள் சபை சபித்தே வைத்திருக்கிறது. அங்கே பெண் கொடுக்கலாமா?” என்கிறார். மாப்பிள்ளை வீட்டிலோ, “உங்களுக்கென்ன, விசுவாசித்தால் போதும், எப்படியும் வாழலாம்” என்று கேலி பேசுகிறார்கள். யார் சொல்வது சரி?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இருவர் சொல்வதும் தவறு. கத்தோலிக்கத் திருச்சபை சொல்லாத ஒன்றை உங்கள் நண்பர் மறுக்கிறார். உங்கள் சபை சொல்லாத ஒன்றைச் சம்பந்தி வீட்டார் கேலி செய்கிறார்கள். வேறுபாடு இருக்கிறது, ஐந்நூறு ஆண்டாக இருக்கிறது. ஆனால் இவர்கள் இருவரும் கைகாட்டும் இடத்தில் அது இல்லை.

முதலில் அந்தச் சாபம். நண்பர் குறிப்பிடுவது, புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்துக்குப் பதில் சொல்லக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கத்தை. 1547 ஜனவரி 13 அன்று அதன் ஆறாம் அமர்வு, நீதிமானாக்கப்படுதலை, அதாவது பாவி கடவுள் முன் நீதிமானாவதைப் பற்றி 16 அதிகாரங்களும் 33 விதிகளும் வெளியிட்டது. ‘இப்படிச் சொல்பவன் சபிக்கப்பட்டவன்’ என்று ஒவ்வொரு விதியும் முடியும். எல்லோரும் எடுத்துக்காட்டுவது ஒன்பதாம் விதியை. அதற்கு வருமுன், முதல் விதி யாரைச் சபிக்கிறது என்று உங்கள் நண்பரைக் கேளுங்கள். இயேசு கிறிஸ்துவின் வழியாக வரும் கிருபை இல்லாமல் தன் சொந்தச் செயல்களைக் கொண்டே மனிதன் கடவுள் முன் நீதிமானாகலாம் என்பவனைச் சபிக்கிறது. அதாவது, ஆர்.சி.க்காரர்கள் நம்புவதாக நண்பர் சொல்லும் அதே கொள்கை அவர்கள் பட்டியலிலேயே முதலாவதாகச் சபிக்கப்பட்டிருக்கிறது. அதே அமர்வின் எட்டாம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: நீதிமானாவதற்கு முன்னால் வருவது எதுவும், விசுவாசமானாலும் கிரியையானாலும், அந்தக் கிருபைக்கு விலையாகாது.

இனி ஒன்பதாம் விதி. விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாகிறான் என்பதை அது வெறுமனே கண்டிக்கவில்லை. ஒரு நிபந்தனை வைத்துக் கண்டிக்கிறது. கிருபையோடு ஒத்துழைக்க வேறெதுவும் வேண்டியதில்லை, தன் மனம் அசைந்து ஆயத்தப்பட வேண்டியதே இல்லை என்ற பொருளில் சொன்னால்தான் சாபம். மேற்கோள் காட்டுகிறவர்கள் பாதி வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வதால் வரும் குழப்பம் இது.

அதைவிடப் பெரிய குழப்பம் ‘விசுவாசம்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. திரெந்து அந்தச் சொல்லைக் கையாளும்போது, கடவுள் வெளிப்படுத்தியதை உண்மை என்று ஏற்பதைத்தான் முதலில் நினைக்கிறது. யாக்கோபு 2:19 சொல்லும் விசுவாசம் அது. பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன. நம்பிக்கையும் அன்பும் சேராமல் அது மட்டும் காப்பாற்றாது என்கிறது திரெந்து. சீர்திருத்தத்தைத் தொடங்கிய லுத்தர் அதே சொல்லைச் சொன்னபோது, தன்னை முழுவதும் கிறிஸ்துவின் கையில் விட்டுவிடும் பற்றுறுதியைச் சொன்னார். அப்படிப்பட்ட விசுவாசம் சும்மா இருக்காது என்பது அவர் விடாமல் சொன்ன கருத்து. காப்பாற்றுவது விசுவாசம் மட்டுமே, ஆனால் காப்பாற்றும் விசுவாசம் ஒருநாளும் தனியாக இராது என்று திரெந்துக்கு எழுதிய மறுப்பிலேயே இன்னொரு சீர்திருத்தக்காரரான கால்வின் சொன்னார். உங்கள் சபைக்கு ஆங்கிலிக்க வழியில் வந்த 39 பிரமாணங்கள் என்ற கொள்கை அறிக்கையில் பதினொன்றாவது ‘விசுவாசத்தினால் மட்டும்’ என்கிறது; அடுத்ததே, மெய்யான விசுவாசத்திலிருந்து நற்கிரியைகள் பிறந்தே தீரும் என்கிறது. “எப்படியும் வாழலாம்” என்று கேலி பேசுகிறவர்களுக்கு இந்தப் பன்னிரண்டாம் பிரமாணத்தைக் காட்டுங்கள்.

1522-ல் லுத்தர் ஜெர்மன் புதிய ஏற்பாட்டை வெளியிட்டபோது ரோமர் 3:28-ல் ‘மட்டும்’ என்ற சொல்லைச் சேர்த்தார். கிரேக்க மூலத்தில் அது இல்லை. வேதத்தையே திருத்திவிட்டார் என்று எதிர்த்தரப்பு கொதித்தது. 1530-ல் அவர் கொடுத்த பதில் மொழிபெயர்ப்பாளர் ஒருவருடைய பதில்: ஒன்றை மறுத்து ஒன்றை நிறுத்தும் இடத்தில் ஜெர்மன்காரன் பேச்சில் ‘மட்டும்’ தானாக வந்து விழும், குடியானவன் தானியம் மட்டும் கொண்டுவருகிறான், பணம் கொண்டுவரவில்லை என்றுதான் சொல்வான். இப்போது உங்கள் வீட்டிலுள்ள பழைய தமிழ் வேதாகமத்தில் அதே வசனத்தைத் திறந்து பாருங்கள். ‘கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான்’ என்றிருக்கும். அந்த ஏகாரம் பிரிநிலை ஏகாரம், மற்றதை விலக்கி ஒன்றைப் பிரித்துக் காட்டுவது. லுத்தர் தனிச் சொல் போட்டுச் சொன்னதைத் தமிழ் ஓர் உயிரெழுத்தில் சொல்லிவிட்டது. அதே வேதாகமத்தில் யாக்கோபு 2:24 ‘விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்’ என்கிறது. ஒரு வசனம் உங்கள் நண்பருக்கு, ஒரு வசனம் சம்பந்திக்கு என்று பிரித்துக்கொள்ள முடியாது. இரண்டும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. நியாயப்பிரமாணத்தைக் காட்டி உரிமை கோருகிறவனோடு பவுல் பேசுகிறார். பசித்த சகோதரனை ‘குளிர்காய்ந்து பசியாறுங்கள்’ என்று வாயால் வாழ்த்தி அனுப்புகிறவனோடு யாக்கோபு பேசுகிறார்.

சரி, உண்மையான வேறுபாடு எங்கே? ‘நீதிமானாக்கப்படுதல்’ என்ற அந்தச் சொல்லுக்குள். கடவுள் ஒரு பாவியை நீதிமான் என்னும்போது நடப்பது என்ன? தீர்ப்பா, சிகிச்சையா? பவுல் எழுதிய கிரேக்கச் சொல்லில் நீதிமன்றத்தின் வாடை உண்டு: குற்றவாளிக் கூண்டில் நிற்பவனை நிரபராதி என்று அறிவிப்பது. லத்தீனில் அதற்கு வந்த சொல்லைப் பிரித்தால் ‘நீதியுள்ளவனாகச் செய்வது’ என்று பொருள். சீர்திருத்தக்காரர்கள் முதலாவதைப் பிடித்தார்கள்: கிறிஸ்துவின் நீதி நம் கணக்கில் வைக்கப்படுகிறது, உள்ளே நாம் இன்னும் பாவிதான், கடவுளின் பார்வையில் நீதிமான். திரெந்து இரண்டாவதைப் பிடித்தது: நீதி உள்ளே ஊற்றப்படுகிறது, அறிவிப்போடு நிற்பதில்லை, ஆள் மாறுகிறான்.

தமிழில் இது தலைகீழாக விழுந்திருப்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. புராட்டஸ்டண்ட் வீடுகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் ‘நீதிமான்-ஆக்கப்படுதல்’ என்றிருக்கிறது. கேட்கிற காதுக்கு அது ஆள் மாறுவதைச் சொல்கிறது. கத்தோலிக்கர் கோயிலில் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் ‘கடவுளுக்கு ஏற்புடையவர்’ என்றிருக்கிறது; அது ஒருவர் முன்னிலையில் நமக்குள்ள நிலையைச் சொல்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் மற்றவருடைய வலியுறுத்தல்தான் ஞாயிறுதோறும் வாசிக்கப்படுகிறது.

இந்த ஓர் ஆணியில்தான் மற்ற எல்லாம் தொங்குகிறது. நீதி உள்ளே இருக்கும் ஒன்றானால் அது வளரும், சாவான பாவத்தால் இழந்துபோகும், பாவசங்கீர்த்தனத்தில் திரும்பக் கிடைக்கும், சாகும்போது குறையாகவும் இருக்கலாம். குறையாக இருந்தால் அது சுத்திகரிக்கப்பட வேண்டும். அதனால் உத்தரிக்கிற ஸ்தலம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் உங்கள் சம்பந்தி இறந்தவர்களுக்காகப் பூசை கொடுப்பது இதனால்தான். நீதி கிறிஸ்துவுடையது, முதல் நாளே முழுதாக நம் கணக்கில் ஏறிவிட்டது என்றால் சுத்திகரிக்க மிச்சமில்லை. ஆகவே நீங்கள் அதே கல்லறையில் நின்று நன்றி சொல்லி ஜெபிப்பீர்கள், இறந்தவருக்காக மன்றாட மாட்டீர்கள். உங்கள் மகள் கண்கூடாகச் சந்திக்கப்போகும் முதல் வேறுபாடு இதுவாகத்தான் இருக்கும்.

கத்தோலிக்கர் ‘பலன்’ (indulgence) என்று சொல்லும் விஷயமும் அப்படித்தான். ‘காசு கொடுத்துப் பாவமன்னிப்பு’ என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால் திருத்துங்கள். பலன் என்பது, ஏற்கெனவே மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிஞ்சியிருக்கும் தற்காலிகத் தண்டனையைப் பற்றியது. 1517-ல் லுத்தரைக் கொதிக்கவைத்த பலன் வியாபாரம் உண்மையாகவே நடந்தது. திரெந்து 1563-ல் அந்த லாபத்தைக் கண்டித்தது. 1567-ல் பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் காசு சம்பந்தப்பட்ட பலன்களை ரத்துசெய்தார். இன்று பரிபூரண பலனுக்குப் பாவசங்கீர்த்தனம், நற்கருணை, பாப்பரசரின் கருத்துக்காக ஜெபம் ஆகியவற்றோடு, அற்பப் பாவத்தின் மேலும் பற்றில்லாத மனம் வேண்டும். கடைசி நிபந்தனை எத்தனை கடினம் என்று முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் கிறிஸ்துவின், புனிதர்களின் புண்ணியக் கருவூலத்திலிருந்து திருச்சபை எடுத்துக் கொடுக்கிறது என்ற அடிப்படையை உங்கள் மரபு ஏற்காது. அது நேர்மையான மறுப்பு, அதைச் சொல்லுங்கள்.

இரட்சிப்பின் நிச்சயம் இன்னொன்று. ‘நீங்கள் இரட்சிக்கப்பட்டீர்களா?’ என்று கன்வென்ஷன் பந்தலில் கேட்டால் ஆர்.சி.க்காரர் தடுமாறுவார். விசுவாசம் இல்லாததால் அல்ல. தவறவே முடியாத உறுதியோடு தன் நிலையை ஒருவன் அறிய முடியாது என்பது திரெந்தின் ஒன்பதாம் அதிகாரம். இரட்சிக்கப்பட்டேன், இரட்சிக்கப்பட்டு வருகிறேன், இரட்சிக்கப்படுவேன் என்று நம்புகிறேன் என மூன்று காலத்திலும் அவர் பதில் சொல்வார். ‘ஒருமுறை இரட்சிக்கப்பட்டவர் இழக்கவே மாட்டார்’ என்பதும் எல்லாப் புராட்டஸ்டண்டாரின் கொள்கை என்று நினைத்துவிடாதீர்கள். கால்வின் வழியினர் சொல்வார்கள். லுத்தரன்களும் மெதடிஸ்டுகளும் இழக்க முடியும் என்பார்கள்.

நேர்ச்சை வைத்துப் பேரம் பேசும் கத்தோலிக்கரும், தசமபாகம் கொடுத்து ஆசீர்வாதத்தை வசூலிக்க நிற்கும் புராட்டஸ்டண்டும் ஒரே தவறைச் செய்கிறார்கள். அந்தத் தவறை இரண்டு சபைகளும் கண்டித்திருக்கின்றன. மனிதனுடைய புண்ணியத்துக்குக் கடவுளிடம் கண்டிப்பான உரிமை எதுவும் இல்லை என்கிறது கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2007-ம் எண். இதை எழுதியது ரோம் என்று சொல்லாமல் உங்கள் குழுவில் வாசித்துக் காட்டினால் எல்லோரும் ஆமென் சொல்வார்கள்.

1541-லேயே ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க்கில் இரு தரப்பு அறிஞர்களும் நீதிமானாக்கப்படுதல் என்ற இந்த ஒரு பொருளில் ஒரே வாசகத்துக்கு ஒப்பினார்கள். பேச்சு முறிந்தது நற்கருணை விஷயத்தில். ஒப்பிய வாசகத்தையும் ரோமும் ஏற்கவில்லை, லுத்தரும் நம்பவில்லை. அதன்பின் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் கூட்டமைப்பும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய எந்தத் தகுதியினாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் நாம் ஏற்கப்படுகிறோம்; ஆவியைப் பெறுகிறோம்; அவர் நம்மை நற்செயல்களுக்கு அழைக்கிறார் என்பது அதன் மையம். பழைய சாபங்கள் ரத்தாகவில்லை. இந்த அறிக்கையில் விளக்கியுள்ள போதனையின் மேல் அவை விழாது என்று இரு தரப்பும் ஒப்பின. மெதடிஸ்டுகள் 2006-லும், ஆங்கிலிக்கர்கள் 2016-லும், சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியம் 2017-லும் இதோடு இணைந்தனர். சி.எஸ்.ஐ. இந்த மூன்று உலக அமைப்புகளிலும் உறுப்பினர். உங்கள் நண்பர் வெளியிலிருந்து வந்த ஒப்பந்தமாக இதைத் தள்ள முடியாது. அமெரிக்காவின் மிசௌரி சினட் லுத்தரன்கள் ஏற்கவில்லை, பல சுயாதீன சபைகளும் ஏற்கவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

பெண் கொடுக்கலாமா என்பதை உங்கள் மகளும் நீங்களும் முடிவுசெய்யுங்கள். கொடுப்பதானால் ஒன்றில் உறுதியாக இருங்கள். நீதிமானாக்கப்படுதலுக்குக் கருவி ஞானஸ்நானம் என்று திரெந்தின் ஏழாம் அதிகாரம் சொல்கிறது. தண்ணீரால், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் சி.எஸ்.ஐ. ஆலயத்தில் கொடுத்த ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை செல்லும் என்று ஏற்கிறது. பங்குத்தந்தையிடம் ஞானஸ்நானச் சான்றிதழைக் கொடுங்கள். “மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்தால்தான் ஆகும்” என்று உறவினர் யாராவது கிளம்பினால் மறுத்துவிடுங்கள். அவர்கள் திருச்சபைச் சட்டமே அதற்கு இடம் கொடுக்கவில்லை.