ரூபி மையர்ஸின் ஓராண்டு

அன்புள்ள அக்கா,

மௌனப்பட நடிகை சுலோச்சனாவைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய நான்கு வரிகள் மனத்தைவிட்டு அகலவில்லை. பம்பாய் கவர்னரைவிட அதிகச் சம்பளம் வாங்கினாராமே, உண்மையா? 1928 ‘அனார்கலி’யில் கதாநாயகி, 1953 ‘அனார்கலி’யில் சலீமுக்குத் தாய். பாவம், பேசும்படம் அவரை விழுங்கிவிட்டது அல்லவா? அவருடைய மௌனப்படங்களை எங்கே பார்க்கலாம்?

ஒரு வாசகர், வெரைட்டி ஹால் சாலை, கோவை

அன்புள்ள தம்பி,

கவர்னர் சம்பளக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள், விடுங்கள். என்னை உறுத்தியது ‘பாவம்’ என்ற சொல். 1914இல் சாமிக்கண்ணு வின்சென்ட் சினிமாக் கொட்டகை கட்டிய தெருவில் இருந்துகொண்டு இப்படி எழுதலாமா?

சுலோச்சனாவின் இயற்பெயர் ரூபி மையர்ஸ். 1907இல் பிறந்தவர், பாக்தாதி யூதக் குடும்பம். இந்துஸ்தானி சரளமாக வராது. மௌனப்படத்துக்கு அது தேவைப்படவில்லை. 1931இல் படம் பேசத் தொடங்கியதும் தேவைப்பட்டது. அதே ஆண்டு ‘காளிதாஸ்’ படத்தில் பேசிய நம் டி.பி.ராஜலட்சுமிக்கு நாடக மேடை பழக்கிய குரல் இருந்தது. ரூபிக்கு அந்த மூலதனம் இல்லை. ஏறக்குறைய ஓராண்டு ஒதுங்கி உட்கார்ந்து மொழியைப் படித்தார். 1932இல் ‘மாதுரி’யோடு திரும்பினார். 1935இல் மறுபடியும் அனார்கலி, இம்முறை பேசும் அனார்கலி. நீங்கள் 1928ஐயும் 1953ஐயும் எழுதிவிட்டு நடுவில் இருக்கும் 1935ஐ விட்டுவிட்டீர்கள். அவரை விழுங்கியது நீங்கள்தான்.

சினிமாவுக்கு வருமுன் அவர் டெலிபோன் ஆபரேட்டர். என் அம்மாவும் அதே வேலைதான். எழுபதுகளில் திருப்பூரில் டிரங்க் போர்டு, அதாவது வெளியூர் அழைப்புகளைக் கையால் இணைக்கும் பலகை. பனியன் கம்பெனிக்காரர்களுக்குக் கல்கத்தா வேண்டும், பம்பாய் வேண்டும். அம்மாவுக்குத் தமிழும் பள்ளிக்கூட ஆங்கிலமும் மட்டுமே தெரியும். எதிர்முனையில் இந்தியில் எரிந்து விழுவார்கள். முதல் மாதம் வீட்டுக்கு வந்து அழுதார். பிறகு, காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் துண்டுத்தாளில் பென்சிலால் குறித்துக்கொண்டு வருவார். தோசை வார்த்தபடியே ‘தோடா ருக்கியே’ (கொஞ்சம் பொறுங்கள்) என்று பத்து முறை சொல்லிப் பார்ப்பார். ஹெட்போன் பட்டை அழுத்திய தடம் தலைமுடியில் வகிடுபோல் குறுக்கே பதிந்திருக்கும். இரண்டு வருடத்தில் கல்கத்தா ஆபரேட்டர் ஒருத்தி அவரை ‘தீதி’ (அக்கா) என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

ஆபரேட்டர் இல்லாமலே வெளியூருக்கு நேராக டயல் செய்யும் எஸ்.டி.டி. வந்து போர்டு ஓய்ந்தது. அம்மாவைப் புகார்ப் பதிவேட்டுக்கு மாற்றினார்கள். அன்று இரவு சாப்பிடும்போது அப்பாரு “பாவம், இத்தனை படிச்சும் வீணாப் போச்சு” என்றார். அம்மா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துபோனார். அந்தத் தட்டு எனக்கு இன்னும் மறக்கவில்லை, தம்பி.

46 வயதில் ஒரு பெண் தாய் வேடம் போடுவதில் என்ன வீழ்ச்சி? வேலை வந்தது, செய்தார். 1973ஆம் ஆண்டின் தாதா சாகேப் பால்கே விருது அவருக்குத்தான் போனது.

மௌனப்படங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. 1953 ‘அனார்கலி’ கிடைக்கிறது. கதாநாயகி பீனா ராயைக் கொஞ்சம் விட்டுவிட்டு, சலீமின் தாய் பேசும் இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அது 25 வயதில் உட்கார்ந்து படித்த மொழி. கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா