வக்கீலிடம் கேளுங்கள்

கேள்வி: தானாக ஓடும் கார் ஆளைக் கொன்றால் ஜெயிலுக்குப் போவது யார்?
– கும்பகோணம் வாசகர்

பதில்: 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சைக்கிளைத் தள்ளியபடி சாலையைக் கடந்த பெண் ஊபரின் சோதனைக் கார் மோதி இறந்தார். சென்சார் அவரை 5.6 நொடி முன்பே கண்டுவிட்டது. வாகனமா, சைக்கிளா என்று மாற்றி மாற்றிக் கணித்தது. வோல்வோ காரிலேயே இருந்த அவசர பிரேக், சோதனை ஓட்டத்தில் அணைக்கப்பட்டிருந்தது. அதை அணைக்க முடிவெடுத்தவர்கள் கூண்டில் ஏறவேயில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான். நிறுவனத்தின் மீது குற்றவழக்குக்கு முகாந்திரமில்லை என்றார் 2019-ல் அரசு வழக்கறிஞர். குடும்பத்தோடு ஊபர் சமரசம் செய்துகொண்டது. சரி, மாட்டியது யார்? கண்காணிக்க உட்கார்ந்திருந்த ஊழியர். 2023-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஜெயில் இல்லை, 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு.