உங்களை வியக்க வைத்த பொது அறிவுத் தகவல்களைச் சொல்ல முடியுமா?

எங்கள் வீட்டில் வாராவாரம் நடக்கிற வேலை இது. அதனால் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் மகள் ஏழாம் வகுப்பு. பள்ளியில் காலைப் பிரேயரில் வாரம் ஒருநாள் அவள் பொது அறிவுத் தகவல் வாசிக்க வேண்டும். சென்ற ஆண்டு ஒருநாள் 'ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள்' என்று வாசித்துவிட்டு வந்தவள், ராத்திரி படுக்கப் போகும்போது, "ஏம்மா மூணு? ஒண்ணு போதாதா?" என்று கேட்டாள். இருவரும் உட்கார்ந்து தேடிப் படித்தோம். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம்: 'ஏன்' என்பதற்கு விடை கிடைத்த தகவல் மட்டுமே பிரேயருக்குப் போகும். அப்படித் தேறியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவற்றை இங்கே சொல்கிறேன்.

முதலில் அந்த ஆக்டோபஸ். நம் கடற்கரையில் பேய்க்கணவாய் என்பார்கள். நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு, அதனால் சிவப்பு. பேய்க்கணவாயின் ரத்தத்தில் அந்த வேலையைச் செய்வது தாமிரம், அதனால் நீலம். தாமிர ரத்தம் கொழகொழப்பானது, ஆக்சிஜனைச் சுமக்கும் திறனும் குறைவு. அதை ஓட வைக்க அழுத்தம் அதிகம் வேண்டும். ஆகவே இரண்டு செவுள்களுக்கும் ரத்தத்தைத் தள்ள ஆளுக்கொரு இதயம், உடம்புக்கு அனுப்ப மூன்றாவது. நீந்தும்போது இந்த மூன்றாவது இதயம் நின்றுவிடுகிறது. அதனால் பேய்க்கணவாய் சீக்கிரம் களைத்துப் போகிறது. நீந்துவதைவிடத் தரையில் ஊர்ந்து போவதையே அது விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது அடுப்பங்கரைக்குள்ளேயே கிடைத்தது. மிளகாய் நம் நாட்டுப் பொருளே கிடையாது. அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. 1492-இல் கொலம்பஸ் அங்கே போய்ச் சேரும் வரை ஆசியாவில் ஒருவரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. இங்கே கொண்டுவந்து சேர்த்தவர்கள் போர்ச்சுக்கீசியர்கள். அதற்கு முன் நம் சமையலில் காரம் என்றால் மிளகுதான். முசிறித் துறைமுகத்துக்குப் பொன்னோடு வந்த யவனர் கப்பல்கள் 'கறி'யோடு திரும்பிப் போனதாக அகநானூறு சொல்லும். அந்தக் கறி மிளகு. புதிதாக வந்த காய்க்கு நம் ஆட்கள் வைத்த பெயரைப் பாருங்கள்: மிளகு போல உறைக்கிற காய், மிளகாய்! பல வீடுகளில் திவசச் சமையலில் இன்றும் மிளகாய் சேர்ப்பதில்லை, மிளகுதான். மிளகாய் வருவதற்கு முந்தைய சமையல் அந்த ஒரு நாளில் மட்டும் திரும்பி வருவதுபோல எனக்குத் தோன்றும்.

சரி, மிளகாய் ஏன் உறைக்கிறது? அதிலுள்ள கேப்சைசின் என்ற பொருள், சூட்டை உணர்வதற்காக நம் நரம்பு முனைகளில் இருக்கும் உணர்விகளைத் தூண்டிவிடுகிறது. சுடாமலே சுட்டதாக மூளைக்குத் தகவல் போகிறது. 'வாய் எரியுது' என்று நாம் சொல்வது உடம்பைப் பொறுத்தவரை அப்படியே உண்மை. பறவைகளின் உணர்விகளை மட்டும் கேப்சைசின் தூண்டுவதில்லை. கிளி பச்சைமிளகாயை நிதானமாகக் கொறித்துத் தின்பது அதனால்தான். செடிக்கு இதில் லாபம் உண்டு. எலி போன்ற பிராணிகள் விதையை மென்று அரைத்துவிடும். பறவை விதையை அப்படியே விழுங்கித் தொலைதூரத்தில் எச்சத்தோடு போடும். விதைக்கு உதவாதவர்களை விரட்டுகிற காரம் அது. இந்தத் தகவலை வாசித்த அன்று, வீட்டில் கிளி வளர்க்கும் பெண் ஒருத்தி ஓடிவந்து, "ஆமாம், எங்க கிளியும் தின்னும்" என்றாளாம். என் மகளுக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

பலூனில் அடைக்கிற ஹீலியத்தின் கதையும் நம் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அதைப் பார்ப்பதற்கென்றே பிரான்சிலிருந்து பியர் ஜான்சென் வந்து, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் கருவிகளோடு காத்திருந்தார். சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். சூரியனின் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது அதில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. பிழம்புகள் இவ்வளவு பிரகாசமாக இருந்தால் கிரகணமே இல்லாமலும் பார்க்கலாமே என்று ஜான்செனுக்குத் தோன்றியது; மறுநாளே பார்த்தும் விட்டார். அதே ஆண்டு இங்கிலாந்தில் நார்மன் லாக்யரும் கிரகணம் இல்லாமலே அந்தக் கோட்டைப் பார்த்தார். பூமியில் அறிந்த எந்தத் தனிமத்தோடும் அது பொருந்தவில்லை. சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ஹீலியோஸிலிருந்து பெயர் வைத்தார்கள். பூமியில் வில்லியம் ராம்சே அதைக் கண்டுபிடித்தது 1895-இல், யுரேனியம் கலந்த ஒரு கனிமத்தில். அங்கே ஏன் இருந்தது? யுரேனியம் சிதையும்போது வெளிவரும் ஆல்ஃபா துகள்தான் ஹீலியத்தின் அணுக்கரு. பலூனுக்குள் இருப்பது பாறைக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த வாயு.

கணக்கிலிருந்து ஒன்று. ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே, அவர்களில் இருவருக்குப் பிறந்தநாள் ஒரே தேதியில் வர வாய்ப்பு பாதிக்கு மேல். 365 நாளுக்கு 23 பேர் எப்படிப் போதும் என்று தோன்றும். நாம் ஆட்களை எண்ணுகிறோம். எண்ண வேண்டியது ஜோடிகளை. 23 பேருக்குள் 253 ஜோடிகள். 40 பேர் கொண்ட வகுப்பில் வாய்ப்பு ஏறக்குறைய 89 சதவீதம். உங்கள் அலுவலகத்திலோ வகுப்பிலோ கேட்டுப் பாருங்கள்.

இன்னும் சில, சுருக்கமாக. வெள்ளி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற நம் கணக்கில் 243 நாள். சூரியனைச் சுற்றி வர 225 நாள்தான். கிளியோபாட்ராவின் காலம் கீசாவின் பெரிய பிரமிடு எழுந்த காலத்தைவிட, மனிதன் நிலவில் கால்வைத்த 1969-க்குத்தான் பக்கம். 'அவன் சரியான எம்டன்' என்று பாட்டிகள் சொல்வது, 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுத் தப்பிப்போன ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர்.

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ஒன்றை நாங்கள் தள்ளிவிட்டோம்: சீனப் பெருஞ்சுவர் விண்வெளியிலிருந்து வெறும் கண்ணுக்குத் தெரியும் என்பது. 2003-இல் விண்வெளிக்குப் போன முதல் சீனர் யாங் லிவெய், தனக்குத் தெரியவில்லை என்றே சொன்னார். சுவர் நீளம்தான், அகலம் சில மீட்டர்தான், நிறமும் சுற்றியுள்ள மண்ணின் நிறம். பிள்ளைகளுக்குத் தகவல் கொடுப்பவர்கள் இதையெல்லாம் ஒருமுறை சரிபார்த்துக் கொடுங்கள். சின்ன வயதில் பதிந்த பொய்யை எடுப்பது கஷ்டம்.

கடைசியாக, என்னால் மறக்கவே முடியாதது. வெனிலா, மெக்சிகோ பக்கத்து ஆர்க்கிட் கொடி. ஐரோப்பியர்கள் அதை வேறு நாடுகளுக்குக் கொண்டுபோய் நட்டார்கள். கொடி வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. அந்தப் பூ ஒரே நாள்தான் விரிந்திருக்கும். மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவே மெல்லிய மடல் ஒன்று தடுப்பாக இருக்கும். அதைத் தாண்டி வேலை பார்க்கும் பூச்சிகள் மெக்சிகோவோடு நின்றுவிட்டன. பெல்ஜியத்தில் சார்ல்ஸ் மோரன் என்ற தாவரவியலாளர் 1836-இல் கையால் சேர்த்துக் காய்க்க வைத்தார். தோட்டத்தில் செய்ய அந்த முறை ஒத்துவரவில்லை. 1841-இல் இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ரியூனியன் தீவில் எட்மண்ட் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் வழி கண்டுபிடித்தான். ஒரு மெல்லிய குச்சியால் மடலைத் தூக்கி, கட்டைவிரலால் ஓர் அழுத்து, அவ்வளவுதான். தோட்டம் தோட்டமாக அவனைக் கூட்டிப்போய்க் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். தீவு வெனிலாவில் செழித்தது, மடகாஸ்கருக்கும் பரவியது. 1848-இல் அடிமை முறை ஒழிந்தபோதுதான் அவருக்கு அல்பியஸ் என்ற குடும்பப் பெயரே கிடைத்தது. (அதன் பிறகு அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு நம் ஊர்களிலிருந்தும் ஏராளமானவர்களைக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள், அங்கே இன்றும் தீமிதி நடக்கிறது.) வெனிலாவைக் காய்க்க வைக்கும் முறையைத் தான்தான் சொல்லிக்கொடுத்ததாக ஒரு பிரெஞ்சுத் தாவரவியலாளர் உரிமை கோரினார். எட்மண்டின் பழைய முதலாளியே அதை மறுத்து, கண்டுபிடித்தவன் எட்மண்ட்தான் என்று எழுதினார். பணம் மட்டும் வரவில்லை. 1880-இல் எட்மண்ட் வறுமையில் இறந்தார்.

உலகத்தின் வெனிலாத் தோட்டங்களில் இன்றும் பூப்பூவாக மனிதர்கள் அதே கை அசைவைத்தான் செய்கிறார்கள். என் மகளுக்கும் இப்போது 12 வயது. இதை வாசித்த அன்று, தகவல் என்று ஒரு வரியில் எழுத அவள் ஒப்புக்கொள்ளவில்லை. முழுப் பக்கத்துக்கு எழுதி, அவன் பெயரை மேலே கொட்டை எழுத்தில் போட்டு எடுத்துப்போனாள்.