மோட்டார் போச்சா? அந்த முனகல் எப்போது வருகிறது என்று முதலில் கேளுங்கள்

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "ஆறு மாதம் பாரிஸில் மகன் வீட்டில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் திரும்பினோம். டிஷ்வாஷரைப் போட்டால் தண்ணீர் உள்ளே வரும் சத்தம் கேட்கிறது, அப்புறம் உம்ம்ம் என்று ஒரு முனகல், ஓரிரு நிமிடத்தில் நின்றுபோய் விளக்கு மினுக்குகிறது. வந்து பார்த்த மெக்கானிக் மோட்டார் போய்விட்டது, 9,000 ரூபாய் ஆகும் என்கிறார். வாங்கி நாலு வருஷம், வாரண்டி முடிந்துவிட்டது. மாற்றுவதா, மெஷினையே தூக்கிப் போடுவதா?"

அம்மா, இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். உங்கள் மோட்டார் செத்திருக்க வாய்ப்பு குறைவு, இறுகிப் போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஏன் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன் என்றால், நீங்கள் எழுதிய வரிசையிலேயே பாதி விடை இருக்கிறது.

டிஷ்வாஷருக்குள் மோட்டார் ஒன்று இல்லை, இரண்டு. பெரியது கழுவும் பம்ப், கீழே தேங்கும் தண்ணீரை உறிஞ்சி மேலே சுழலும் கைகளுக்கு அனுப்புவது. சின்னது வடிகால் பம்ப், உள்ளங்கையில் அடங்கிவிடும், 30 வாட் அளவுதான், அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளுவது மட்டும் அதன் வேலை. பட்டனை அழுத்தியதும் பெரும்பாலான மெஷின்கள் முதலில் சில விநாடி பழைய தண்ணீரை வடிக்கும், பிறகு புதுத் தண்ணீர் பிடிக்கும், அதற்கப்புறம்தான் கழுவும் பம்ப் ஓடும். ஆக, முனகல் தண்ணீர் வருவதற்கு முன்பே வந்தால் சின்னதில் கோளாறு, தண்ணீர் பிடித்து முடித்த பிறகு வந்தால் பெரியதில். உங்களுடையது இரண்டாவது ரகம். சத்தமே வராமல் கிடந்தால் கதை வேறு, கதவு லாக்கையும் மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டையும் பார்க்க வேண்டும், பம்பை அல்ல.

முனகல் என்பது ஒருவகையில் நல்ல செய்தி. மோட்டாருக்குக் கரண்ட் போகிறது, சுற்ற முயல்கிறது, ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆறு மாதம் காய்ந்து கிடந்த மெஷினில் அந்த "ஏதோ ஒன்று" பெரும்பாலும் மோட்டாரின் சுழலும் தண்டைச் சுற்றியுள்ள சீல், அதாவது தண்ணீர் கசியாமல் தடுக்கும் வளையம். கடலோரத்து உப்புத் தண்ணீர் நம் போர் கிணறுகளில் எப்படி வருகிறது என்று உங்களுக்கே தெரியும், குழாய் முனையில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் பம்புக்குள்ளும் படிகிறது. தினமும் ஓடும்வரை ஒன்றும் தெரியாது, நீர் வற்றிக் காய்ந்ததும் சீலும் தண்டும் ஒட்டிக்கொள்ளும். கோடை முழுக்கப் போடாத போர் மோட்டார் முதல் நாள் மக்கர் செய்வதைப் பார்த்ததில்லையா, அந்த மாதிரி.

முதல் எச்சரிக்கை: சரியாகிவிடும் என்று திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். சுற்றாமல் முனகும் மோட்டார் சூடாகிக்கொண்டே போகும், நிஜமாகவே உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகுவது அப்போதுதான்.

இனி செய்ய வேண்டியது. உள்ளே தண்ணீர் நிற்கிறதென்றால் ஸ்டார்ட் பட்டனை மூன்று நான்கு விநாடி அழுத்திப் பிடியுங்கள், பெரும்பாலான மெஷின்கள் ரீசெட் ஆகி வடித்துவிடும். பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, நம் வீட்டு வயரிங்கில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறிக் கிடப்பது சகஜம், அப்படியென்றால் அணைத்த பிறகும் மெஷினுக்குள் கரண்ட் இருக்கும். கீழ்த்தட்டை வெளியே எடுத்து, ஃபில்டரைத் திருகிக் கழற்றிக் கழுவுங்கள். ஆறு மாத நாற்றம் வரும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் இருந்த குழியில் இரண்டு லிட்டர் சூடான தண்ணீர் ஊற்றி, கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கை பொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் கூட இருந்தால் போதும், அதில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் கரைத்துவிடுங்கள். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள். நாலு மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுக்க அப்படியே ஊறட்டும். டைல்ஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றலாமா என்று கேட்காதீர்கள், ஊற்றியவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறேன், எவர்சில்வர் தொட்டி முழுக்கப் பொத்தல். பிளீச்சிங் பவுடரும் கூடாது, அது ஆசிட்டோடு சேர்ந்தால் விஷவாயு.

காலையில் ஃபில்டரைப் பொருத்தி, பிளக்கைச் செருகி, ரீசெட் செய்து வடித்துவிட்டு, இருப்பதிலேயே சின்ன புரோகிராமைப் போட்டுக் காதை வைத்துக் கேளுங்கள். தண்ணீர் பிடித்ததும் சளசளவென்று அடிக்கும் சத்தம் வந்தால் 9,000 ரூபாய் மிச்சம். உம்ம்ம் என்று மட்டும் கேட்டால் பத்து விநாடிக்குள் நிறுத்திவிட்டு இன்னொரு முறை ஊற வையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால்தான் ஆள் வேண்டும். வருகிறவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தீர்களா? கண்டென்சரை மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா?

கண்டென்சர் விஷயம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். சீலிங் ஃபேன் உம்மென்று நிற்கும், குச்சியால் தள்ளிவிட்டால் சுற்றும், கண்டென்சர் மாற்றினால் சரியாகும். பழைய ரக கழுவும் மோட்டாரும் அதே ஜாதி. மேலே 3 அல்லது 4 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கும், மீட்டரில் அதைவிட ரொம்பக் குறைந்து காட்டினால் ஆள் அதுதான், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஷாக் மிச்சமிருக்கும், நீங்கள் கை வைக்காதீர்கள். புதிய இன்வெர்ட்டர் வகை மோட்டார் என்றால் இந்தக் கண்டென்சர் கிடையாது, மூன்று ஒயர் வரும், எந்த இரண்டுக்கு நடுவே அளந்தாலும் ஒரே ஓம்ஸ் காட்ட வேண்டும். அப்படிக் காட்டியும் சுற்றவில்லை, கையால் சுற்றினால் லேசாகச் சுற்றுகிறது என்றால் போர்டு மேல் சந்தேகம், அதை வீட்டில் வைத்துத் தீர்க்க முடியாது. ஆனால் இதையெல்லாம் பார்க்காமலே மோட்டார் போச்சு என்று சொல்பவரை, மன்னிக்க வேண்டும், நான் நம்ப மாட்டேன். இன்னொன்று, மாலை நேரத்தில் வோல்டேஜ் 170, 180 என்று இறங்கும் தெருவாக இருந்தால் நல்ல மோட்டாரும் முனகும், அதையும் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

உங்களுக்கு வேண்டியதில்லை, இருந்தாலும் வடிகால் பம்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் கடலூர், புதுச்சேரிப் பக்கம் நான் பார்த்த டிஷ்வாஷர் கேஸ்களில் பாதிக்கு மேல் அதுதான். ஃபில்டர் குழியின் ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், ஸ்பூன் காம்பால் நெம்பினால் வந்துவிடும், அதற்குள் குட்டி விசிறி. வெறும் கையை விடாதீர்கள், அங்கே மாட்டுவதில் பாதி உடைந்த கண்ணாடித் துண்டு. மீதி எலுமிச்சை விதை, முருங்கைச் சக்கை, பல்குச்சி, மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டில் சங்கரா மீன் முள். எடுத்துவிட்டுப் பென்சிலால் சுற்றிப் பாருங்கள், விட்டு விட்டு, தடுக்கித் தடுக்கிச் சுற்றும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் சுற்ற வேண்டும்; இதைப் பார்த்து ஜாம் என்று பம்பையே மாற்றியவர்கள் உண்டு. காற்றாடி மாதிரி சும்மா சுற்றினால்தான் உடைந்திருக்கிறது. மூடியைத் திரும்ப அழுத்தி மாட்டுங்கள், சரியாக உட்காராவிட்டால் பாஷ், சீமென்ஸ் மெஷின்களில் இ25 என்று வரும். விசிறி நன்றாகச் சுற்றியும் தண்ணீர் போகவில்லை என்றால் சிங்க்குக்குக் கீழே ஹோஸ் மடங்கியிருக்கிறதா பாருங்கள்.

திரும்ப உங்கள் மெஷினுக்கு. அது சுற்ற ஆரம்பித்த பிறகும் முதல் நாலைந்து கழுவலுக்கு அடியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியிருந்த சீல் பிரியும்போது சில சமயம் கீறிவிடும், அந்தச் சொட்டு அடித்தட்டில் சேர்ந்ததும் அங்கிருக்கும் மிதவை தூக்கி, மெஷின் கழுவுவதை விட்டுவிட்டு வடிகால் பம்பை மட்டும் ஓயாமல் ஓட்டும். பாஷில் இது இ15. மெஷினைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினால் அப்போதைக்கு நிற்கும், ஒரு வாரத்தில் திரும்ப வரும், அப்போது சீல் மாற்றித்தான் ஆக வேண்டும். ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆனாலும் உடனே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள், நீண்ட நாள் சும்மா கிடந்தால் ஹீட்டர் ஈரம் குடித்திருக்கும், அதை மெக்கர் என்ற மின்கசிவு சோதிக்கும் கருவி வைத்துத்தான் பார்க்க முடியும். இதற்கு நடுவில் பாத்திரம் தேய்க்கும் லிக்விடை மட்டும் உள்ளே ஊற்றிவிடாதீர்கள், நுரை பொங்கி பம்ப் காற்றைக் குடித்துக் கத்தும், நீங்கள் மறுபடி மோட்டார் போச்சு என்று பயப்படுவீர்கள்.

அடுத்த தடவை பாரிஸ் கிளம்புமுன் சிட்ரிக் ஆசிட் போட்டு ஒரு சூடான புரோகிராமை வெறுமனே ஓட்டுங்கள், ஃபில்டரைக் கழுவி, கதவை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்ற யாரிடமாவது சாவி கொடுத்துவிட்டுத்தானே போவீர்கள்? மாதம் ஒருமுறை சின்ன புரோகிராமைப் போட்டு, முடியும்வரை உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.