ஏரியை வெட்டும் முன் வாய்க்காலில் நடந்து பாருங்கள்: தருமபுரி ஏரிகள், கேள்வி பதில்

நீர்ப்பாசனப் பிரிவில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது தருமபுரியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஏரி, குளம் சீரமைக்கிற இளைஞர்களோடு சேர்ந்து வேலை செய்கிறேன். கோடை வேலை தொடங்கப் போகிற நேரத்தில் பலர் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

சார், நாங்கள் கல்லூரி நண்பர்கள் 15 பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் ஏரியைச் சுத்தம் செய்யலாம் என்று இருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது? (இலக்கியம்பட்டி மாணவர்)

ஏரிக்குள் இறங்காதீர்கள் தம்பி. முதல் ஞாயிறு முழுக்க, ஏரிக்கு நீர் கொண்டுவருகிற வரத்துக்காலில் மேல்நோக்கி நடங்கள். நம் பக்கம் ராஜகால்வாய் என்று சொல்வார்களே, அதுதான். ஏரிக்கு நீர் எந்தக் கரட்டிலிருந்து இறங்குகிறது, எந்த ஏரியின் கோடியிலிருந்து, அதாவது உபரி நீர் வழிகிற இடத்திலிருந்து வருகிறது, வழியில் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஏரிகள் தனித்தனிக் குட்டைகள் அல்ல. மேல் ஏரி நிரம்பி வழிந்தால் கீழ் ஏரிக்கு நீர் வரும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் கீழே இருக்கிற எல்லாம் காயும்.

ஒரு ஊரில் லட்சக்கணக்கில் செலவு செய்து ஏரியைத் தூர்வாரினார்கள். இரண்டு மழைக்காலம் போயும் முழங்கால் அளவுகூட நீர் நிற்கவில்லை. நடந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, இரண்டு கிலோமீட்டர் மேலே ஒரு பாதைக்கு அடியில் போட்டிருந்த குழாய் மண்ணால் முழுதாக அடைந்துகிடந்தது. மண்வெட்டியும் கடப்பாரையும் வைத்து மூன்று வாரத்தில் அதைத் திறந்தோம். அந்த ஐப்பசியில் ஏரிக்கு நீர் வந்தது. அன்றைக்குக் கரையில் நின்ற பெரியவர்களின் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

நடக்கப் போகும்போது கிராம வரைபடமும், ஒவ்வொரு நிலத்தின் அளவையும் காட்டுகிற புலப்பட நகலும் கையில் இருக்கட்டும். வாய்க்கால் எந்தப் புல எண்ணில் போகிறது, எத்தனை அகலம் என்று அதில் இருக்கும். ஆடிக்குள் வாய்க்கால் வேலை முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஏரிக்குள் என்ன செய்வது என்று யோசிக்கலாம்.

எங்கள் ஏரி வண்டலை வயலுக்கு எடுக்கலாமா? பணம் கட்ட வேண்டுமா? (நல்லம்பள்ளி விவசாயி)

எடுக்கலாம் ஐயா. சொந்த நிலத்துக்கு என்றால் இலவசம். ஆனால் அனுமதி வாங்காமல் ஒரு நடைகூட எடுக்கக் கூடாது. 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய்க்கு 90 கனமீட்டர், மண்பாண்டம் செய்கிறவர்களுக்கு 60 கனமீட்டர் என்று அளவு வைத்திருக்கிறார்கள். மூன்று யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) டிப்பரில் கணக்குப் போட்டால் புன்செய் ஏக்கருக்குப் பத்துப் பதினோரு நடை. நம் செம்மண் காட்டுக்கு வண்டல் சேர்ந்தால் ஈரம் கூடுதல் நாள் நிற்கும். மண் வயலுக்குத்தான் போகிறதா, செங்கல் சூளைக்கா என்று ஊரார் கண் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அனுமதியின் பெயரால் விற்பனை நடந்தால் கெட்ட பெயர் ஊருக்கு வரும், அடுத்த முறை யாருக்கும் கிடைக்காது.

எவ்வளவு ஆழம் வெட்டலாம்? ஆழம் கூடினால் நீர் கூடும்தானே? (காரிமங்கலம்)

இதில் நானே தவறு செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற முதல் ஆண்டு, ஒரு சிறிய ஏரியில் நன்கொடையாகப் பொக்லைன் கிடைத்தது. வண்டி போகவர வசதி என்று கரையை ஒட்டியே ஆழமாக வெட்ட விட்டுவிட்டேன். அடுத்த மழையில் கரையின் உள்சரிவு இருபது அடி நீளத்துக்குச் சரிந்தது. இரவெல்லாம் மணல் மூட்டை அடுக்கினோம். கரை உடையவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கரையின் காலைத் தோண்டினால் கரை நிற்காது என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அவசரத்தில் விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் கரை அடியிலிருந்து, கரை உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளிக் கயிறு கட்டிவிட்டுத்தான் இயந்திரத்தை உள்ளே விடுகிறேன்.

இரண்டாவது, வண்டல் முடிகிற இடத்தில் நிறுத்திவிடுங்கள். அடியில் இருக்கிற இறுகிய களி அடுக்குதான் நீரைப் பிடித்து வைக்கிறது. அதைக் கிழித்தால் கிணறுகளுக்கு ஊற்று கூடலாம், ஆனால் மாசிக்குள் ஏரி வறண்டுவிடும். மூன்றாவது, மதகின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு வெட்டினாலும் அந்த நீர் வயலுக்குப் பாயாது. ஆடு மாடு குடிக்கும், நிலத்தடிக்கு இறங்கும். பாசன ஏரி என்றால் இதை ஆயக்கட்டு விவசாயிகளிடம், அதாவது அந்த ஏரி நீர் பாய்கிற நிலம் வைத்திருப்பவர்களிடம், முன்பே சொல்லிவிட வேண்டும்.

அளவு தெரிய ஒரு கணக்கு: ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் வெட்டினால் 10,000 கனமீட்டர், அதாவது ஒரு கோடி லிட்டர் கொள்ளளவு கூடும். அந்த மண்ணை வெளியேற்ற டிப்பரில் சுமார் 1,200 நடை வேண்டும். எங்கே கொட்டப் போகிறோம் என்று தெரியாமல் தொடங்கினால், மண் ஏரிக்குள்ளேயே மேடாகக் கிடந்து மழையில் திரும்பவும் கரைந்துவிடும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏரி முழுக்க ஆகாயத்தாமரை. இரண்டு முறை எடுத்தும் திரும்ப வந்துவிட்டது. கொசுத் தொல்லை தாங்க முடியவில்லை. (தருமபுரி நகர், இல்லத்தரசி)

அம்மா, ஆகாயத்தாமரைக்குச் சோறு போடுவது சாக்கடை. கழிவுநீரில் இருக்கிற சத்து கிடைக்கிறவரை, இரண்டு வாரத்தில் அது இரட்டிப்பாகும். விதையும் சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். எந்தெந்தத் தெருவின் சாக்கடை ஏரியில் வந்து விழுகிறது என்று முதலில் எண்ணுங்கள். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, தெருப் பெயரோடு நகராட்சிக்கு மனு கொடுங்கள். கழிவுநீரை மடை மாற்றுகிற வேலை அவர்களால்தான் முடியும், தன்னார்வலர்களால் ஆகாது. செடியை எடுக்கிற வேலை, நீர் வற்றிய கோடையில், பூக்கும் முன் செய்ய வேண்டியது. எடுத்ததைக் கரையில் குவித்துவிட்டுப் போகாதீர்கள், முதல் மழையில் அத்தனையும் உள்ளே போய்விடும்.

கரையில் டைல்ஸ் பதித்து, சுற்றிலும் கான்கிரீட் சுவர் எழுப்பி, விளக்கு போட்டால் அழகாக இருக்குமே? (காலை நடைப்பயிற்சி செய்பவர்)

நடைபாதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பெண்களும் பெரியவர்களும் தினம் வந்து போகிற ஏரியில் குப்பை கொட்ட ஆள் தயங்குவான். ஆனால் பாதைக்காக நீர்ப்பரப்பைக் குறைக்கக் கூடாது. நான்கு பக்கமும் கான்கிரீட் போட்டால் அது தொட்டி. கோரையும் சேறும் உள்ள ஆழமில்லாத ஓரத்தில்தான் கொக்கும் நாரையும் இரை தேடும். மண் பாதை போதும். விளக்கை ஏரிப் பக்கம் திருப்பாமல் பாதைப் பக்கம் திருப்புங்கள்.

வாய்க்காலை ஆக்கிரமித்து வீடு கட்டியிருக்கிறார்கள். அதில் ஒருவர் என் மாமா முறை. என்ன செய்வது? (பாலக்கோடு)

கஷ்டமான நிலைதான் தம்பி. நீங்கள் போய் வாக்குவாதம் செய்யாதீர்கள். அளவு என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். சர்வேயர் அளந்து கல் நட்ட பிறகு, பேச்சு உங்களுக்கும் மாமாவுக்கும் நடுவில் இல்லாமல் காகிதத்துக்கும் நிலத்துக்கும் நடுவில் போய்விடும். 100 ஏக்கரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையுடையவை, அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்துடையவை. மனு சரியான இடத்துக்குப் போகட்டும். நீர்வளத் துறை ஏரிகளுக்கு 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. வேறு போக்கிடம் இல்லாத குடும்பமாக இருந்தால், மாற்று இடம் தரச் சொல்லி அதே மனுவில் நீங்களே எழுதுங்கள். ஏரியையும் காப்பாற்ற வேண்டும், அவர்களையும் தெருவில் விடக் கூடாது.

கரை வேலையின்போது உருவம் செதுக்கிய கல் ஒன்று கிடைத்தது. கையில் வில் இருக்கிறது, மேலே எழுத்து மாதிரி தெரிகிறது. கோயில் கட்டிப் பெயின்ட் அடிக்கலாம் என்கிறார்கள். (பாப்பாரப்பட்டி பக்கம்)

நடுகல்லாகத்தான் இருக்கும், இறந்த வீரனின் நினைவாக நட்ட கல். நம் பகுதியில் வேடியப்பன் என்று கும்பிடுகிற கற்களில் பல நடுகற்களே. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பல்லவர் காலத்து வட்டெழுத்து (தமிழின் பழைய எழுத்து வடிவம்) உள்ள நடுகற்களும் கிடைத்திருக்கின்றன. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று கல் நடுகிற முறையைத் தொல்காப்பியம் சொல்கிறது. ஔவையும் அதியமானும் வாழ்ந்த தகடூர் மண்ணில், அதாவது இன்றைய தருமபுரியில், அது இன்னும் கண்ணெதிரே நிற்கிறது என்பதே எனக்குப் பெருமை.

கும்பிடட்டும், தடுக்காதீர்கள். பெயின்ட், எண்ணெய், ஆசிட், கம்பிப் பிரஷ் மட்டும் வேண்டாம். எழுத்துக்குள் சாக்பீஸ் தேய்க்காதீர்கள். சாயங்காலம் வெயில் சாய்வாக விழும்போது படம் எடுத்தால் எழுத்து தானே தெளியும். கல் கிடைத்த இடத்தைக் குறித்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கும் தகவல் சொல்லுங்கள். அதுவரை பொக்லைன் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

பள்ளிப் பிள்ளைகளை வைத்துக் கரையில் ஆயிரம் மரக்கன்று நட ஆசை. (ஆசிரியை, அரூர்)

நூறு நடுங்கள் டீச்சர், நூறும் பிழைக்கும். இரண்டு கோடைக்கு நீர் ஊற்ற ஆளும், ஆட்டுக்கு முள்வேலியும் இருந்தால் மட்டும் எண்ணிக்கையைக் கூட்டலாம். கரை உச்சியிலும் மதகு பக்கத்திலும் பெரிய மரம் வேண்டாம். மரம் பட்டால் வேர் மக்கி, அந்தத் துளை வழியே நீர் கசியும். கரைச் சரிவுக்கு வெட்டிவேர், வெளி அடிவாரத்தில் பனை விதை, ஏரியைச் சுற்றியுள்ள மேட்டு நிலத்தில் புங்கன், நாவல், நீர்மருது. பனை விதைக்குப் பிள்ளைகளே போதும், ஊன்றிய பிறகு பெரிதாகப் பராமரிப்பு கேட்காது.

எங்கள் போர் நீரில் ஃபுளோரைடு அதிகம். ஏரி நிரம்பினால் குறையுமா? நீரைக் கொதிக்க வைத்தால் போதுமா? (பென்னாகரம் வட்டம், ஒரு தாய்)

கொதிக்க வைத்தால் போகாது அம்மா, நீர் ஆவியாகி இன்னும் செறிவாகும். பாறையிலிருந்து கரைந்து வருவது அது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது. ஏரி நிரம்பி மழைநீர் இறங்கினால் மேல்மட்டக் கிணறுகளில் செறிவு குறைய வாய்ப்பு உண்டு. ஆனால் அதை நம்பிப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே வைத்துக்கொள்ளுங்கள், போர் நீர் மற்றதுக்கு. கூரை மழைநீரையும் பிடிக்கலாம். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், வீணாவது போக ஏழாயிரம் லிட்டருக்கு மேல் கிடைக்கும்.

பணத்துக்கு என்ன வழி? (பலர்)

அரசின் நமக்கு நாமே திட்டத்தில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மீதியை அரசு தரும். வாய்க்கால் வேலைக்குப் பெரும்பாலும் பணமே தேவைப்படாது. வசூல் செய்தால் வரவு செலவை ஏரிக்கரையிலேயே பலகையில் எழுதி வையுங்கள்.

2024 டிசம்பர் புயல் மழையில் எங்கள் ஊர் ஏரி நீர் சாலைக்கே வந்துவிட்டது. ஏரியை நிரப்பினால் ஆபத்து இல்லையா? (ஊத்தங்கரை)

பயம் நியாயமானது. ஃபெஞ்சல் புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது, வண்டிகள் அடித்துப் போனதை எல்லோரும் பார்த்தோம். அவ்வளவு மழைக்கு எந்த ஏரியும் வழியத்தான் செய்யும். வழிகிற நீருக்கு வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வரத்துக்காலைத் திறக்கிறவர்கள் கோடி வாய்க்காலை மறந்துவிடுகிறார்கள். உபரி நீர் வழிகிற கலிங்கின் மேல் மண் மூட்டை வைத்து நீரை உயர்த்துகிற பழக்கமும் சில ஊர்களில் இருக்கிறது, அதை உடனே நிறுத்துங்கள். கலிங்கிலிருந்து அடுத்த ஏரி வரை நடந்து, ஒவ்வொரு நூறு அடிக்கும் வாய்க்காலின் அகலத்தை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். எந்த இடத்தில் பத்தடி மூன்றடியாகச் சுருங்குகிறதோ அதுதான் மனுவில் முதல் வரி. அளக்க ஆள் போதவில்லை என்றால் சொல்லுங்கள், ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நானும் வருகிறேன்.